தொடாமல் பார்த்த மார்பு



இலக்கிய அமைப்பொன்றின் நினைவுச் சொற்பொழிவில் நுரையீரலைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தீண்டாமையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியவற்றுள் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று நுரையீரல் நோயைப் பற்றியது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறுநூலில் தன் சொந்த அனுபவங்களோடு வேறு சிலருடைய அனுபவங்களையும் அவர் சேர்த்திருக்கிறார். அவற்றுள் ஒன்று, 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியான ஒரு கடிதம். எழுதியவர் கத்தியவாட் பகுதியில் ஒரு தாழ்த்தப்பட்டோர் பள்ளியின் ஆசிரியர்.

அவருடைய மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. மூச்சுத் திணறுகிறது, விலாவில் கடுமையான வலி. அழைக்கப்பட்ட மருத்துவர் அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார். ஆசிரியர் ஊர்ப் பெரியவர்களிடம் போய் மன்றாடுகிறார். இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு நகரசேட் பிணை நிற்கிறார். பிறகு மருத்துவர் ஒரு நிபந்தனையோடு வருகிறார்: நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கிவர வேண்டும். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத உடம்பை, பச்சைக் குழந்தையோடு வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தன் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவரிடமும், கணவர் மனைவியிடமும் தருகிறார்கள். அதே வரிசையில் வெப்பமானி திரும்பிப் போகிறது. இரவு எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் பாதரசக் கோட்டைப் பார்த்துவிட்டு 'நிமோனியா' என்கிறார் மருத்துவர். மருந்து அனுப்புகிறார். அதன்பின் கட்டணம் கொடுத்தும் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார்.

மருத்துவர் வர மறுத்ததைத்தான் இதைப் படிக்கும் எல்லோரும் பேசுகிறோம். அவர் வந்த பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெப்பமானி காய்ச்சலைச் சொல்லும், நிமோனியாவைச் சொல்லாது. மலேரியாவிலும் டைபாய்டிலும் அதே கோடு ஏறும். பிரசவித்த பெண்ணுக்குக் கருப்பைத் தொற்றிலும் ஏறும். நிமோனியாவைப் படுக்கையருகே அறிய அன்றைக்கு இருந்த வழி மார்பைத் தட்டிப் பார்ப்பதும், காது கொடுத்துக் கேட்பதும்தான். இரண்டுக்கும் உடம்பைத் தொட வேண்டும்.

தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரியாவின் லியோபோல்ட் அவுவன்ப்ருக்கர். விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயில் மது எந்த மட்டம் வரை இருக்கிறது என்று தட்டிக் கண்டுபிடிக்கும் வழக்கத்திலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். காற்று நிறைந்த நுரையீரல் கணீரென்று ஒலிக்கும். சளியும் சீழும் கட்டிய இடம் மரக்கட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாகக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படிப் பிறந்தது. அந்த வெட்கத்துக்கு ஒரு முழ நீளக் குழல் போதுமானதாக இருந்தது. கத்தியவாட் மருத்துவருக்கு அந்தக் குழலும் போதவில்லை, இடையில் இரண்டு மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருத்துவர் முறையாகப் பரிசோதித்திருந்தாலும் அந்தத் தாய் பிழைத்திருப்பார் என்று உறுதி கூற முடியாது. 1929-இல் நிமோனியாவை அழிக்கும் மருந்து கிடையாது. பெனிசிலினைப் பற்றிய பிளெமிங்கின் கட்டுரை அதே ஆண்டில்தான் வந்தது, அது மருந்தாக மக்கள் கைக்கு வர இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சல்பா மருந்துகளில் நிமோனியாவுக்கு உதவிய சல்பாபிரிடின் 1938-இல் வந்தது. அதுவரை சிகிச்சை என்பது பணிவிடைதான்: சாய்த்து உட்காரவைப்பது, கதகதப்பாக வைத்திருப்பது, தண்ணீர் கொடுப்பது, நெருக்கடி கடக்கும் வரை பக்கத்திலேயே இருப்பது. அந்த இரவில் நோயாளிக்கு மறுக்கப்பட்டது இதுதான். நோயைக் கண்டறிகிறேன் என்ற பெயரிலேயே அவரை வீட்டிலிருந்து பெயர்த்து வெட்டவெளியில் கிடத்தினார்கள். ஆசிரியர் கடைவீதிக்குப் போய் ஆளிவிதை வாங்கிவந்து பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறார். ஆளிவிதையை அரைத்துச் சூடாக மார்பில் பற்றுப் போடுவது அந்தக் காலத்து மருத்துவப் புத்தகங்கள் ஒப்புக்கொண்ட சிகிச்சை. அந்த மார்பைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர் கணவர் ஒருவர்தான்.

நுரையீரல் மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல. அது நம் வேலையையும் வீட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. ஆகவே நுரையீரல் நோயைக் கண்டறிய மருத்துவர் இரண்டு விதத்தில் நெருங்கி வரவேண்டும்: உடம்பைத் தொட வேண்டும், அந்த உடம்பு எங்கே நின்று எதைச் சுவாசித்தது என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இத்தாலியின் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி. 1700-இல் வெளியான தொழில்நோய்கள் பற்றிய நூலில், நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டீஸ் சொன்னவற்றோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். இந்த நூலை எழுதும் எண்ணம் எப்படி வந்தது என்பதையும் அவரே சொல்கிறார். மோதெனா நகரத்தில் அவர் வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி அவசர அவசரமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று கேட்கப்போய், அந்த வேலை கண்களை எப்படிப் பறிக்கிறது என்று அறிந்துகொண்டார். உலகத் தொழில்மருத்துவம் மலக்குழியிலிருந்து எழுந்தது என்பதை, மலக்குழிச் சாவுகளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும் நாம் நினைவில் வைக்கலாம்.

அந்தக் கேள்வி நம்மவர்களிடம் எப்போது கேட்கப்பட்டது? இதற்குப் பதில் தேட நாம் கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும்.

தங்கவயல் நம் வரலாற்றில் எத்தகைய இடம் என்பதை இந்த அவைக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் சுரங்கங்களைக் கையில் எடுத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்தும் ஆதிதிராவிடர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பண்ணையாளின் கையிலிருந்து தப்பிய கால்கள் அவை. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. பண்டிதர் மறைந்த பின் 'தமிழன்' இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்துதான் மீண்டும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம், பத்திரிகை, விகாரை, கூலி என்று ஊரில் மறுக்கப்பட்ட பலவும் அங்கே கிடைத்தன. தங்கவயலைப் பற்றிப் பெருமையோடு எழுதும்போது நாம் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகும் பக்கம் ஒன்று உண்டு. இவையெல்லாம் கிடைத்ததற்கு மூச்சுதான் விலையாகப் போயிற்று.

தங்கம் அங்கே வெண்கல்லில், அதாவது குவார்ட்ஸ் பாறையில் இருந்தது. பாறையைத் துளையிட்டு, வெடிவைத்து, உடைந்ததை அள்ளி மேலே அனுப்ப வேண்டும். கையுளியால் கொத்திய காலத்தைவிட, காற்றழுத்தத் துளைப்பான்கள் வந்தபின் தூசி பல மடங்கு கூடிற்று. கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தில்லை. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்து இருமலில் வெளியே தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் வரும் அளவுக்கும் கீழான துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகும். அங்கே காவல்செல்கள் அவற்றை விழுங்கும். சிலிகாவை விழுங்கிய செல் செத்துப்போகும். செத்த செல்லிலிருந்து வெளிவந்த அதே துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு சாவைச் சுற்றியும் ஒரு தழும்பு விழும். பஞ்சாக இருந்த நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகும். இது சிலிகோசிஸ். வேலையை விட்டு வந்த பின்னும் வளரக்கூடியது. இதைத் திருப்பும் மருந்து இன்றுவரை இல்லை. இதற்கும் மேலாக, இந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்தநோய் 1902-லேயே அரசு விசாரணைக்கு வந்துவிட்டது. அங்கே முதலில் செத்தவர்களில் வெள்ளைத் துளைப்பாளர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு வாக்குரிமையும் சங்கமும் இருந்தன. 1910-களிலேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது, துளையிடும்போது நீர் பாய்ச்சுவது விதியாயிற்று. 1930-இல் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேச சிலிகோசிஸ் மாநாடு கூடி எக்ஸ்ரே படங்களை எப்படிப் படிப்பது, நோயை எப்படிப் படிநிலைப்படுத்துவது என்று விவாதித்தது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இந்தச் சட்டங்கள் என்ன தந்தன என்பது தனிக்கதை. நோயுற்றவர்களைத் தம் ஊர்களுக்கு அனுப்பிவிட்டால் சுரங்கத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும்.

தங்கவயலின் கணக்கும் சுத்தமாக இருந்தது. எவ்வளவு சுத்தம் என்றால், அது உலக அறிவியலில் மேற்கோளாகவே ஆயிற்று. 1933-இல் டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்ற லண்டன் புவியியலாளர் சிலிகோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் கிடைத்த கனிமங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நோய்க்குக் காரணம் குவார்ட்ஸ் அன்று, செரிசைட் என்னும் வேறொரு கனிமம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று கோலார் தங்கவயல். அங்கே பாறையில் குவார்ட்ஸ் ஏராளம், செரிசைட் இல்லை, சிலிகோசிஸும் இல்லை, ஆகவே குவார்ட்ஸ் குற்றமற்றது என்று வாதம் போயிற்று.

நம் பாட்டன்மாரின் மார்பை யாரும் படமெடுத்துத் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை. கிடைக்காதது 'இல்லை' என்றாயிற்று. அந்த 'இல்லை' லண்டனில் ஒரு கொள்கைக்குத் தூணாக நின்றது. ஜோன்ஸ் என்ற தனிமனிதரின் வஞ்சகமாக இதை நான் கருதவில்லை. கையிலிருந்த தரவைக் கொண்டு அவர் நேர்மையாகத்தான் வாதிட்டிருப்பார். தரவு பிறந்த இடத்தில்தான் கோளாறு. சுரங்கத்தின் ஏடுகளுக்குள் தட்டி வீட்டு லைன்களில் இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தவர் எந்தப் பெயரில் போயிருப்பார்? 'காசம்' என்ற பெயரில் போயிருப்பார், அல்லது வேலையை விட்டு ஊருக்குப் போனவர் என்ற கணக்கில். காசம் என்று எழுதினால் காரணம் அவர் வீடு, அவர் உணவு, அவர் குடி. சிலிகோசிஸ் என்று எழுதினால் காரணம் முதலாளியின் பாறை. ஒரே எக்ஸ்ரேவுக்கு இரண்டு பெயர் வைக்கலாம் என்றால், எந்தப் பெயர் யாருக்குச் செலவு வைக்கும் என்பதைப் பார்த்தே பெயர் விழும்.

இதே நிர்வாகம் தொழிலாளியின் உடம்பைப் பார்க்காமல் இல்லை. தங்கம் கடத்துகிறார்களா என்று சோதிப்பதற்குக் காவல் இருந்தது. 1930-இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய முயன்றபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் என்று சட்டப்படி எதுவும் இல்லாத காலத்தில் நடந்த அந்தப் போராட்டம், தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை. விரல் நுனியின் ரேகை கம்பெனிக்குத் தேவைப்பட்டது. விலாவுக்கு உள்ளே இருந்தது தேவைப்படவில்லை.

அந்த மௌனம் 1940-களில்தான் உடைந்தது. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் எக்ஸ்ரே வழியாகப் பெரிய அளவில் கணக்கெடுப்பு நடந்தது. கேப்ளன், பர்டன் என்ற மருத்துவர்கள் 1947-இல் அறிக்கை தந்தார்கள். 7,653 பேரைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ். நோயே இல்லாத வயல் என்று அச்சேறிப் பதினான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாறை மாறவில்லை, மனிதர்களும் மாறவில்லை. மாறியது இரண்டு: எக்ஸ்ரே கருவி மார்பின் முன் வந்தது, அதை வரவைக்கும் அளவுக்குத் தொழிலாளர் இயக்கம் வளர்ந்தது. 1942-இன் மைசூர் தொழிலாளர் சட்டம், சங்கங்களின் எழுச்சி, 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூடு என்று கொந்தளித்த ஆண்டுகள் அவை. மருத்துவம் தானாக முன்னேறி வந்து நோயைக் கண்டுபிடித்தது என்று பாடப்புத்தகம் எழுதும். காலவரிசையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

கேப்ளன் பிறகு பிரிட்டனுக்குத் திரும்பி வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களின் படங்களைப் படித்தார். மூட்டுவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் தனிவகை முடிச்சுகள் இருப்பதை 1953-இல் எழுதினார். 'கேப்ளன் நோய்க்குறி' என்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். தூசி படிந்த நுரையீரலைப் படமாகப் படிக்க அவர் பழகிய பள்ளிக்கூடங்களில் ஒன்று தங்கவயல் என்பதை எந்த வகுப்பில் சொல்லித்தருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கருவி வந்துவிட்டால் பாகுபாடு போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கிளைக்கதை. நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்ளும் என்று அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளில் அது அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போயிற்று. சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைத்தனத்தின் ஆதரவாளர், கறுப்பினத்தவரின் நுரையீரல் பிறவியிலேயே குறைபாடு உடையது, கடும் உழைப்புதான் அவர்களுக்கு நல்லது என்று அந்தக் கருவியை வைத்தே வாதிட்டார். அந்த எண்ணம் பின்னர் கருவிக்குள்ளேயே குடியேறியது. இனத்தைக் குறித்தால் கறுப்பினத்தவருக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதமும், ஆசியர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் 'இயல்பு' அளவைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அண்மைக்காலம் வரை நடப்பில் இருந்தது. இயல்பைக் குறைத்துவிட்டால் இழப்பும் குறைவாகத் தெரியும். 1999-இல் கல்நார் இழப்பீட்டு வழக்குகளில், பால்டிமோர் நகரத்துக் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இந்தக் கழிவைப் பயன்படுத்த வேண்டும் என்று ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் கேட்டது. இனக் கழிவு இல்லாத அளவீட்டை அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது 2023-இல்தான். வறுமையும் புகையும் தூசியும் சுருக்கிய நுரையீரலை 'அவர்கள் இயல்பே அப்படி' என்று எழுதிவைப்பது எவ்வளவு வசதி! சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு இந்த வாதத்தின் வாசனை புதிதில்லை.

இனி சென்னைக்கு வருவோம். நோயைக் கண்டறிவதில் நடந்ததைப் பார்த்தோம், சிகிச்சையில் நடந்தது சற்று வேறு கதை. அதில் ஒரு வெற்றியும் இருக்கிறது.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியசிட் ஆகிய மருந்துகள் 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் வந்துவிட்டன. ஆனால் மருந்தை யாருக்கு, எங்கே கொடுப்பது? நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு கொண்ட சானடோரியம்தான் சரியான இடம் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. தாம்பரத்தில் 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரை ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. இந்தியாவிலோ லட்சக்கணக்கான நோயாளிகள், படுக்கைகளோ சில ஆயிரம். குடிசையில் வைத்து மருந்து கொடுக்கலாமா என்றால், அங்கே காற்றில்லை, சோறில்லை, ஒழுங்கில்லை, வீட்டிலுள்ள எல்லோருக்கும் நோய் பரவும் என்பார்கள். இருமுகிறவரின் வீட்டைக் குற்றவாளியாக்கும் அதே பழைய பேச்சுதான், இப்போது மருத்துவத்தின் மொழியில்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. அவர்கள் செய்தது எளிமையான, துணிச்சலான காரியம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சென்னையின் நெரிசலான பகுதிகளில் ஒற்றை அறையில் பலரோடு வாழ்ந்தவர்கள். குறைவாகச் சாப்பிட்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள். அந்த ஏழ்மைக்குள் சாதி எவ்வளவு என்று சென்னையின் குடிசைப் பகுதிகளை அறிந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

1959-இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்தவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு அதிகமாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கினால் பரவல் மட்டுப்படுகிறது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

குடிசை நோயாளியைச் சாகடிக்கிறது என்ற பேச்சுக்கு, குடிசையில் இருந்தே குணமானவர்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் கிடையாது. இதனால் வீடும் உணவும் முக்கியமில்லை என்று அரசுகள் புரிந்துகொண்டது வேறு விஷயம். மாத்திரை கொடுத்தால் போதும், வீட்டுமனையும் ரேஷனும் எதற்கு என்று பேசுவதற்கு இதே ஆய்வை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் சோறும் ஓய்வும் குறைந்த இடத்திலும் குணமாகலாம் என்பதுதான் சென்னை காட்டியது. நல்ல சோறு வேண்டாம் என்று அது காட்டவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1960-களில், வாரம் இருமுறை நேரில் வரவழைத்துக் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் இங்கேதான் சோதித்தார்கள். பின்னாளில் உலகெங்கும் 'டாட்ஸ்' என்று பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது. இதில் ஏழை மருந்தை ஏமாற்றுவான் என்ற சந்தேகமும் இருக்கிறது, ஏழையின் வாசலுக்கு மருத்துவம் நடந்துவந்த அக்கறையும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கத்தியவாட் மருத்துவர் தாண்டாத எல்லையைச் சேத்துப்பட்டின் ஊழியர்கள் நாள்தோறும் தாண்டிப் போனார்கள் என்பது சிறிய விஷயமில்லை.

இவ்வளவும் பழங்கதையா? சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலும் 1952-இன் சுரங்கச் சட்டத்திலும் இடம்பெற்றது. தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடினாலும் சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் தூசி பறந்து வீடுகளில் படிகிறது. சட்டத்தின் பார்வைக்குள் வராத இடங்களுக்குத் துளைப்பான் இடம் மாறிவிட்டது: கல்குவாரி, கல் உடைக்கும் ஆலை, குவார்ட்ஸ் அரைக்கும் தொழிற்கூடம். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ரா பகுதிக் குவார்ட்ஸ் ஆலைகளுக்குப் போன பழங்குடி மக்கள் சில மாத வேலையிலேயே நோயோடு திரும்பினார்கள். அவர்களில் இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. பத்தாண்டுப் போராட்டத்தின் பலன் அது. ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசி நுரையீரல் நோய்களுக்கென்றே தனிக்கொள்கை வெளியிட்டது. நம் மாநிலத்தில் அப்படியொரு கொள்கைக்கான இயக்கம் இனித்தான் எழ வேண்டும்.

இந்த நோயைக் கண்டறிய விலையுயர்ந்த சோதனை எதுவும் வேண்டாம். ஓர் எக்ஸ்ரே போதும், கூடவே 'என்ன வேலை செய்தாய், எத்தனை வருஷம்?' என்ற கேள்வி. நோயறிதலில் பாதி அந்தக் கேள்விதான். அதைக் கேட்காத இடத்தில் குவாரித் தொழிலாளி காசநோயாளி ஆகிறார். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் ஆறு மாத மாத்திரை, தீரவில்லை என்றால் மறுபடியும் ஆறு மாதம். கேட்டாலும், பதிலுக்குச் சான்று எங்கே? வருகைப்பதிவு இல்லை, சம்பளச்சீட்டு இல்லை, முதலாளியின் பெயரே தெரியாது, மேஸ்திரியின் பெயர்தான் தெரியும். அன்று கைரேகையைக் கேட்டுப் பிடித்தார்கள். இன்று எந்தத் தடயமும் இல்லாதபடி வேலைக்கு வைக்கிறார்கள். இரண்டாலும் லாபம் ஒரே பக்கத்துக்குத்தான்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பலருக்குத் தங்கவயலோடோ குவாரியோடோ குடும்பத் தொடர்பு இருக்கும். தாத்தா எப்படி இறந்தார் என்றால் 'டி.பி.யில போனாரு', 'இளைப்பு வந்து போனாரு' என்று வீட்டில் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள். மேலும் கேளுங்கள். எந்த ஷாஃப்டில் இறங்கினார், துளைப்பான் பிடித்தாரா, கல் அள்ளினாரா, தண்ணீர் விட்டுத் துளைத்தார்களா, வறட்டுத் தூசியா? எத்தனை வயதில் இருமல் தொடங்கியது, அப்போது வேலையில் இருந்தாரா, நின்றுவிட்டாரா? ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்களா, படத்தை யார் வைத்துக்கொண்டார்கள்? இழப்பீடு என்று ஏதாவது வந்ததா, வந்தால் எவ்வளவு, எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்? அவரோடு இறங்கிய கூட்டாளிகள் யார், அவர்கள் எத்தனை வயதில் போனார்கள்? டிரங்குப் பெட்டியில் பழைய எக்ஸ்ரே உறை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கம்பெனி பித்தளை வில்லை என்று எது கிடந்தாலும் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். அவர் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. முதலில் அவர்களிடம் போங்கள்.